நூற்றுத் தொண்ணூறு

கானாடுகாத்தான் ஹோட்டல்காரர்கள்
வெளிநாட்டு விருந்தாளிகளுக்கென்று வாங்கி
யாரும் ஓட்டாமல் துருவேறிய நான்கில் ஒன்று
இப்போது என் வேப்பமரத்தில் சாய்ந்திருக்கிறது.
டயர் ஒவ்வொன்றும்
கோழியை விழுங்கிய மலைப்பாம்பு.
ஏழாயிரம் சொன்னார்கள்.
பேசிப் பேசி ஆறாயிரத்து நானூறு.

என் வழியைச் சொல்லிவிடுகிறேன்.
பள்ளத்தூருக்குப் பின்னால் தைலமரக் காடு,
காடு முடிந்தால் வறண்ட கண்மாய்.
மணல் கணுக்கால் அளவுதான்,
ஸ்கூட்டியைப் படுக்கவைக்க அது போதும்.
இரண்டு முறை படுத்தது.
இரண்டாம் முறை பதினெட்டுக் கிலோ மாவு.
எறும்புகள்கூடக் கொஞ்ச நேரம் யோசித்தன.
கரையேறினால் செம்பூரான் கல் மேடு,
அப்புறம் கோட்டையூர், அறுபத்திரண்டு வீடு,
ஆறரைக்குள் இட்லி மாவு.

காரைக்குடியில் இருதயராஜ் கடை.
இரண்டு மோட்டாரைத் தரையில் வைத்தான்.
பெரியது தோசைக்கல் அகலம்,
உள்ளே பல்லே கிடையாது, காந்தமும் செம்பும்தான்.
சத்தம் வராது. தேயாது.
இறக்கத்தில் பேட்டரிக்குக் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும்.
சின்னது சோற்றுக் கும்பா அளவு,
உள்ளே மூன்று நைலான் சக்கரம்
நடுவில் ஒன்றைக் கடித்துக்கொண்டு சுற்றும்.
ரீங்காரம் போடும். ஒருநாள் தேயும்.

கொழுந்தன் பாண்டித்துரை போனில் கத்தினான்:
"ஆயிரம் வாட் போடுங்க மதினி, எழுபதுல பறக்கலாம்!"
பறந்து நான் எங்கே போக,
சிகப்பி ஆச்சி கதவு திறப்பதே ஐந்தேகாலுக்கு.

எடை கேட்டேன்.
பெரியது ஏழு கிலோ.
அதாவது ஏழு வீட்டு மாவு.

சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தேன்.
பெரியது கரண்ட் இல்லாமலே
பிடித்துப் பிடித்து விட்டது,
மனமில்லாதவன் கடனைத் தவணையில் தருவதுபோல.
சின்னது, தட்டிவிட்டதும்
டீ சொல்லி முடிக்கும்வரை ஓடிக்கொண்டிருந்தது.

"கண்மாய் நடுவுல சார்ஜ் தீந்தா?"
இருதயராஜ் என்னை நிமிர்ந்து பார்த்தான்.
"எல்லாரும் எவ்வளவு வேகம்னுதான்க்கா கேப்பாங்க."
மெதுவாகவே போனால் பெரியது சூடேறும் என்பதையும்
அப்போதுதான் சொன்னான்.
கேட்டதால் சொன்னான்.

சூடு எனக்குத் தெரியும்.
கிரைண்டர் கல் சூடேறினால்
மாவு விடிவதற்குள் புளித்துவிடும்.
ஐஸ் தண்ணீர் விட்டு ஆட்டுகிறவள் நான்.
மணலில் மெதுவாகத்தானே போவேன்.

சின்னதையே கை காட்டினேன்.

பிறகுதான் அளவு.
பின் கவட்டையின் இரண்டு கால்களுக்கு நடுவே
ஸ்கேலை வைத்தான்: நூற்றுத் தொண்ணூறு மில்லிமீட்டர்.
கடையில் இருந்த மோட்டாரோ நூற்று முப்பத்தைந்து.
"வாஷர் அடுக்கிப் புடிச்சிரலாம்க்கா, இன்னைக்கே ஓட்டிட்டுப் போகலாம்."
ஐந்தரை சென்டிமீட்டர் வாஷர்.
என் கல்யாணமே அப்படி நடந்ததுதான் என்று
வாய்வரை வந்தது.
சொல்லவில்லை.
சரியான அகலத்தில் வரவழை என்றேன்.

கோயம்புத்தூரிலிருந்து வர பதினோரு நாள்.
பதினோரு நாளும் தள்ளினேன்,
மாவு முன்னால் நான் பின்னால்,
மணல் செருப்புக்குள்.

வந்தது. இருநூற்றைம்பது வாட், நாற்பத்தெட்டு வோல்ட்.
அச்சு தானாகத் திரும்பாமலிருக்க
ஒரு பக்கம் இரும்புப் பட்டை போதும் என்றான்.
இரண்டு பக்கமும் போட வைத்தேன்.
முனகிக்கொண்டே போட்டான்.

முதல் நாள், விடியவில்லை.
தைலமர வாசனை,
அதற்குள்ளே கிரைண்டரின் தம்பி பாடுவதுபோல் ஒரு ரீங்காரம்.
கண்மாய்க்குள் இறங்கினேன்.
மணல் விலகவில்லை, அமுங்கியது.
கரை மேட்டில் பெடலில் காலை வெறுமனே வைத்திருந்தேன்,
ஏறிவிட்டது.
கோட்டையூர் நாய்கள் எழுந்து
எதைக் குரைப்பதென்று தெரியாமல் நின்றன.
தூக்குமூடி ஓரத்தில் ஒரே ஒரு துளி.
நக்கிப் பார்த்தேன். பதம் சரி.

மாற்று நைலான் சக்கரம் மூன்றும்
அன்றைக்கே விலைகொடுத்து வாங்கியிருந்தேன்.
உளுந்து டப்பாவுக்குள் கிடக்கின்றன.
ஒவ்வொரு ராத்திரியும் படி போட்டு அள்ளும்போது
கையில் தட்டுப்படும்.